கண்ணாடிக் கடை மாப்பிள்ளை ஃபெலோ ஆனார்

மாமியார் வீட்டில் அவருக்குப் பெயர் கண்ணாடிக் கடை மாப்பிள்ளை. மூத்த மகளைக் கட்டியவர் பல் டாக்டர். அவர் டாக்டர் மாப்பிள்ளை. இருவரும் ஒரே சோபாவில்தான் உட்காருவார்கள். ஆனால் சோபா ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதுபோல, மரியாதை முழுக்க அந்தப் பக்கமே உருண்டு போய்விடும். "டாக்டர் மாப்பிள்ளைக்கு டீ குடுத்தாச்சா?" என்று மாமனார் கேட்பார். நம்மவருக்கும் டீ வரும், கேள்விதான் வராது.

நான்கு வருடம் கல்லூரியில் படித்த ஆப்டோமெட்ரிஸ்ட் அவர். கண்ணை அளந்து எந்தக் கண்ணாடி சரிப்படும் என்று சொல்வது, நோய் இருப்பதாகத் தெரிந்தால் கண் மருத்துவரிடம் அனுப்புவது, இதுதான் வேலை. இதை மாமனாருக்கு ஏழெட்டுத் தடவை விளக்கியிருக்கிறார். மாமனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ கடை நல்லா ஓடுதுல்ல?" என்பார்.

தேர்ந்த ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கு ஓர் அகாடமி ஃபெலோ பட்டம் தருகிறது, பெயருக்குப் பின்னால் நான்கு ஆங்கில எழுத்து போட்டுக்கொள்ளலாம் என்று தெரிந்த அன்றே விண்ணப்பம் எழுத உட்கார்ந்துவிட்டார். சகலைக்குப் பெயருக்கு முன்னால் இருப்பது இரண்டே எழுத்து.

தான் பார்த்த ஐந்து பேரின் விவரங்களை விரிவாக எழுதி அனுப்ப வேண்டும். அது தேறினால் நேர்முகத் தேர்வு. ஐந்து மாதம் எழுதினார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் மனைவி படித்துத் திருத்தினார்.

"ஏங்க, அஞ்சு பேருக்கும் கடைசி வரி ஒண்ணாவே இருக்கே. 'முழுத் திருப்தியுடன் சென்றார்.'"

"திருப்தியாத்தான போனாங்க?"

"அப்புறம் கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? தெரியலன்னா வந்து சொல்ல மாட்டாங்களா?"

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

நேர்முகத் தேர்வு ஒரு ஹோட்டலின் இரண்டாவது மாடியில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த தலை நரைத்த அம்மாள் ஐந்து அறிக்கைகளையும் புரட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"கண்ணாடி ஒத்து வரலன்னு யாராவது திரும்பி வந்திருக்காங்களா?"

"ஒருத்தர்கூட இல்ல மேடம்."

"எத்தன வருஷமா தொழில் பண்றீங்க?"

"பதினோரு வருஷம்."

"எனக்கு இந்த வாரம் மட்டும் ரெண்டு பேர் வந்துட்டாங்க" என்றார் அந்த அம்மாள். "அடுத்த வருஷம் வாங்க."

மறுநாள் கடைக்கு வந்ததும் வராததுமாக கவுண்டர் அக்காவிடம் பொருமித் தீர்த்தார். கடை திறந்த நாளிலிருந்து கவுண்டரில் நின்று ஃபிரேம் எடுத்துக் காட்டுகிறவர் அந்த அக்கா.

"நீங்களே சொல்லுங்க அக்கா, நம்ம கடைல ஒரு புகார் உண்டா?"

அக்கா குனிந்து, கவுண்டரின் கீழ் டிராயரைச் சாவி போட்டுத் திறந்தார். உள்ளே முழுக்கக் கண்ணாடிகள். ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு சீட்டு. சீட்டில் பெயர், தேதி, குறை. 'படி இறங்கும்போது தரை ஆடுகிறது.' 'தலைவலி.' 'பழையதே தேவலை.'

"என்ன இது?"

"திரும்பி வந்தது சார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். 'பழகிடும்னு சொல்லி அனுப்புங்க'ன்னீங்க. ரெண்டு தடவ சொல்லிப் பார்த்தேன், அப்புறம் விட்டுட்டேன்."

எண்ணிப் பார்த்தார், முப்பத்தேழு. அவருக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. இது அகாடமிக்குத் தெரிந்திருக்குமோ என்ற பயம். அடுத்துதான், இதில் ஒன்றை அறிக்கையாக எழுதலாமே என்ற யோசனை வந்தது. உற்சாகமாகச் சீட்டுகளைப் புரட்டினார். 'காதோரம் கலங்குகிறது' என்றது ஒன்று. எதிர்க்கடை சலூன்காரருடையது. மாதாமாதம் இவருக்கு முடி வெட்டுகிறவர் அவர்தான்.

அன்றே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏண்ணே, நான் குடுத்த கண்ணாடிய ஏன் போடறதில்ல?"

"பழகிடும்னு சொன்னீங்கல்ல சார், பழகிடுச்சு."

"எங்க பழகிடுச்சு? திருப்பிக் குடுத்துட்டீங்களே?"

"கண்ணாடி இல்லாம வெட்டறது பழகிடுச்சு."

"கண்ணு தெரியாம எப்படி வெட்டறீங்க?"

"ஒரு குத்துமதிப்புதான்" என்றார் சலூன்காரர். அப்போது அவருடைய கத்தி இவர் தொண்டையில் இருந்தது.

விண்ணப்பத்துக்கு எடுத்த புகைப்படத்தில் ஒரு கிருதா மேலேறியும் ஒன்று கீழிறங்கியும் இருந்ததற்குக் கேமராவைத் திட்டியது இவருக்கு நினைவு வந்தது.

திரும்பி வந்து சலூன்காரரின் பழைய கார்டை எடுத்துப் பார்த்தார். தொழில் என்ற இடத்தில் 'சுயதொழில்' என்று எழுதியிருந்தார். என்ன தொழில் என்று தெரிந்தும் யோசிக்கவில்லை. படிக்கிற தூரத்துக்குக் கண்ணாடி கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் நாள் முழுக்கப் பார்ப்பதோ கை எட்டும் தூரத்தில் இருக்கும் தலைகளை. டேப்போடு சலூனுக்குப் போய், சலூன்காரரின் கண்ணிலிருந்து வாடிக்கையாளரின் காது வரை அளந்தார். அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி செய்து கொடுத்தார். போட்டுக்கொண்டு சலூன்காரர் முதலில் பார்த்தது இவர் தலையைத்தான்.

"அய்யய்யோ சார், இத நானா வெட்டினேன்?"

அடுத்த வருடமும் அதே நரைத்த அம்மாள். சலூன் அறிக்கையைச் சிரித்துச் சிரித்துப் படித்தார்.

"இப்பதான் நம்பற மாதிரி இருக்கு. இவர் கண்ணாடிய திருப்பிக் குடுத்தது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "திரும்பி வர்ற கண்ணாடிய எல்லாம் ஒரு டிராயர்ல சேர்த்து வைப்பேன் மேடம். என்ன குறைன்னு சீட்டு எழுதி."

"அருமையான முறை!" என்றார்கள் மூவரும். தேறிவிட்டார்.

பட்டமளிப்பு மேடையில் பேராசிரியர்கள், பெற்றோர், மனைவி, மாமனார் என்று வரிசையாக நன்றி சொன்னார். அகாடமியின் பத்திரிகை அவருடைய டிராயர் முறையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியது. கடைப் பலகையில் நான்கு எழுத்து ஏறியது. "ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை" என்றார் மாமனார். "இனி இன்னொரு கடை போடுவீங்களா?"

மேடைப் பேச்சை கவுண்டர் அக்கா போனில் முழுக்கப் பார்த்தார். பத்திரிகையையும் படித்தார். அந்த மாதக் கடைசியில் டிராயர் சாவியைக் கவுண்டர் மேல் வைத்தார்.

"அடுத்த தெருவுல புதுசா ஒரு கண்ணாடிக் கடை திறக்கறாங்க சார். அங்க போறேன்."

"இங்க என்ன குறை அக்கா?"

"அங்க கவுண்டருக்குப் பின்னாடி நாற்காலி போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம் புதுக் கடை முதலாளியிடமிருந்து போன் வந்தது. "உங்ககிட்ட இருந்த அக்கா பிரமாதமா வேலை செய்யறாங்க சார். வந்த முதல் நாளே டிராயர் கேட்டு வாங்கி, சீட்டு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. பத்திரிகைல படிச்சேனே, எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான?"

இங்கே கவுண்டர் முன்னால் ஒரு பெண் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஏதோ, நம்மால முடிஞ்சது" என்றார் ஃபெலோ.