உட்கார முடியாதவன்

அன்பரசன் டீக்கடையில் நின்றுகொண்டேதான் டீ குடிப்பான். கீழ்வேளூர் பஸ்ஸில் இடம் கிடந்தாலும் கம்பியைப் பிடித்து நிற்பான். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமல் பரிமாறப் போய்விடுவான். உதவிக்கு ஓடி வருகிற மனுஷன் என்று அதில் ஒரு நல்ல பேர். ஆனால் அவன் பிழைப்போ உட்கார்ந்து செய்வது. முன்பு சவுதியில், தம்மாமில் ட்ரெய்லர் ஓட்டினான். இப்போது ஊரில் வண்டி முதலாளி தமிழரசனின் அறுவடை மிஷின்.

வலி தம்மாமில் தொடங்கியது. இரண்டு தொடைக்கும் நடுவில், சீட்டில் பதியும் இடத்தில், யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பது போல. அங்கிருந்து அடிவயிறுவரை ஏறும். அந்த இடத்துக்கு நாலு பேர் முன்னால் சொல்லும்படி ஒரு பேர் அவனிடம் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் தங்கியிருந்த கேம்பில் கேட்டவர்களிடம் "மூலம்" என்றான். மூலம் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. வைத்தியம் மட்டும் சொல்வார்கள்.

ஊருக்குத் திரும்பியும் அதையே சொன்னான். மனைவி ஆனந்தவல்லி கோழிக்கறியை நிறுத்தினாள். மூலத்துக்கு நல்லது என்று வாரம் தவறாமல் கருணைக்கிழங்கு வேகவைத்தாள். மிஷின் சீட்டில் ஸ்கூட்டர் ட்யூபைக் காற்றடித்துப் போட்டு அவன் பதமாக இறங்குவதை வரப்பிலிருந்து பார்த்த, கூலிக்கு வந்த வேம்பு, "என்னப்பா, முட்டை வச்சு அடைகாக்குறியா?" என்றாள். வயலே சிரித்தது. அவனும் சிரித்து வைத்தான்.

தஞ்சாவூரில் சிறுநீரக டாக்டர் ஸ்கேன், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்.

"எல்லாம் நார்மல்."

"அப்ப வலி, சார்?"

"வலி நிஜம்தான். உள்ள இருக்கிற சதை இறுகிக் கிடக்கு. நாள்பட்டது. மாத்திரை தரேன். கூடவே அக்குபங்சர் பண்ணிப் பாருங்க, சிலருக்குக் கேக்குது."

நாகூரில் டாக்டர் பர்வின் அவனைப் படுக்கவைத்து கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழேயும் மெல்லிய ஊசிகளைச் செருகினார்.

"மேடம், வலி அங்க இல்லையே."

"அங்கயே குத்தணுமா?"

"வேணாம், வேணாம்."

"மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. இது அதுக்குத் துணைதான். வாரம் ரெண்டு தடவை வாங்க. மெதுவாத்தான் கேக்கும்."

மெதுவாகத்தான் கேட்டது. கார்த்திகை முழுக்க ஒன்றுமில்லை. பஸ்ஸுக்குக் கொடுத்த காசு தண்டம் என்று திட்டிக்கொண்டே போனான். மார்கழியில் ஒருநாள் நாகூரிலிருந்து திரும்பும்போது தான் சீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பாதி வழியில்தான் கவனித்தான்.

சம்பா பழுத்தது. தமிழரசன் வீடு தேடி வந்தார்.

"அன்பு, தை பொறந்தா வண்டி நிக்காது. அதுக்குள்ள அந்த மூலத்தை ஆபரேஷன் பண்ணிடு. திருவாரூர்ல டாக்டர்கிட்ட பேசிட்டேன். செலவு என்னோடது."

அந்த மனுஷனின் நல்ல மனசுக்கு முன்னால் பொய் நிற்கவில்லை.

"அண்ணே, அது மூலம் இல்லண்ணே." முதல்முறையாக இடத்தைச் சொன்னான். ஊசியையும் சொன்னான்.

"ஸ்கேன்ல என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரலண்ணே."

"ஒண்ணும் வரல. ஆனா வலிக்குது."

"ஆமாண்ணே."

"வேற வண்டிக்காரன் எவனாவது கூப்புடுறானா? நேராச் சொல்லு."

"சத்தியமா இல்லண்ணே. வாரத்துல ரெண்டு நாள் அரை நேரம் விட்டீங்கன்னா..."

"கதிர் தண்ணியில சாஞ்சு கிடக்கும். உன் ஊசி முடியட்டும்னு காத்துக்கிட்டிருக்குமா?"

அன்று சாயங்காலமே அவனுக்குப் பதிலாக ஆத்தூரிலிருந்து ஒரு டிரைவரை வரச்சொல்லிவிட்டார்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஆனந்தவல்லி, தமிழரசன் படியிறங்கும்வரை பொறுத்தாள். "ஏங்க, மூலமே இல்லையா? தொண்டை அரிக்க அரிக்க அந்தக் கிழங்கைத் தின்னீங்களே! நான் என்ன ஊராளா, என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்றது?"

"இப்ப அவர்கிட்ட சொன்னீங்கள்ல, அப்படித்தான்."

அவள் மிச்சமிருந்த கிழங்கை எடுத்துக் கொல்லையில் வீசினாள்.

அடுத்த தடவை நாகூரில் பர்வின் வழக்கம்போல் கேட்டார். "வலி எவ்வளவு? பத்துக்குச் சொல்லுங்க."

"நாலு."

"வந்தப்ப எட்டு. பரவாயில்லையே!"

"நாலோட வண்டி ஓட்டலாமா?"

"அரை நாள் ஓட்டலாம். நடுவுல நடுவுல எறங்கி நடக்கணும்."

"அரை நாள் வண்டி எந்த ஊர்ல ஓடுது, மேடம்?"

பர்வின் ஊசிப் பெட்டியைத் திறந்தார்.

"எட்டு இருந்தப்ப பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுனேன், வேலை இருந்துச்சு. நாலு ஆனப்புறம் இல்ல. இதை யாருகிட்ட போய்ச் சொல்றது?"

பர்வின் ஊசியின் உறையைப் பிரித்தார். அன்பரசன் செருப்பைக் கழற்றாமல் கட்டிலுக்கு அருகில் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் கழற்றினான்.