காகத்துக்கு வைத்த இலை

போன ஆண்டு தீபாவளி முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தஞ்சோங் பூங்கா கடற்கரையில் நடந்தது இது. நான் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீர்நாய்களுக்குக் காவல் நிற்கிறேன். சிரிக்காதீர்கள். மலாய்க்காரர்கள் மெமெராங் என்று சொல்லும் அந்த விலங்குகள் குட்டிகளோடு இங்கே பாறையோரம் கரையேறும். எங்கள் தொண்டர் குழு கயிறு கட்டி, ஜனங்களைத் தள்ளி நிற்க வைக்கும். கிட்டே போகாதே, தொடாதே, தீனி போடாதே. இதைக் கத்திச் சொல்ல ஆள் வேண்டும். எனக்குக் கத்த வரும்.

தீனி விஷயத்தில் என்னிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. மனிதர் கையில் மீன் கிடைக்கும் என்று பழகிய ஒரு நீர்நாய், சாப்பாட்டுக் கடையைத் தேடி ரோட்டைக் கடந்தபோது காரில் அடிபட்டது. அதைச் சாக்கில் அள்ளியவள் நான்.

அன்று ஓர் அம்மாவும் மகனும் வாழை இலையோடு வந்தார்கள். அந்த அம்மாவின் கணவர் இறந்து முப்பதாவது நாள். வீட்டில் படைத்துவிட்டு, காகத்துக்கு வைக்க வேண்டியதை இங்கே கொண்டு வந்திருந்தார்கள். அவர்கள் வீடு பிளாட்டின் மேல்மாடி; காகம் வருவதில்லையாம். அவர் தூண்டில் போட்டு உட்காரும் இடமும் இதுதானாம். காகத்துக்குத்தானே என்று நானும் விட்டுவிட்டேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் இலையை விரித்தார்கள். சோறு, பருப்பு, பொரித்த கெம்போங் மீன்.

சவுக்கு மரத்தில் காகங்கள் இருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. மகன் "கா... கா..." என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார். அந்த அம்மாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"கோவமா இருக்காரு போல. ஆஸ்பத்திரியில மீன் கேட்டாரு. டாக்டர் வேணாம்னு சொன்னாருன்னு நான்தான் குடுக்கல."

அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து பெரிய நீர்நாய் ஒன்று வந்தது. கயிற்றுக்கு அடியில் நுழைந்து, நேராக இலைக்குப் போய், மீனை இரண்டு கையாலும் பிடித்துத் தலையைக் கடித்தது.

"ஐயோ, அவரும் தலையத்தான் மொதல்ல திம்பாரு!" அந்த அம்மா மணலில் உட்கார்ந்து கும்பிட்டார். மகன் தேம்பி அழுதார்.

நீர்நாய் தீனிக்கு வந்தால் பலமாகக் கைதட்டி விரட்ட வேண்டும். அதுதான் எங்கள் வேலை. கையைத் தூக்கினேன். தட்ட முடியவில்லை. என் அப்பாவுக்குக் காகம் சோறு எடுத்தபோது நானும் இப்படித்தான் கும்பிட்டேன். சாப்பிடும் ஒருவரைப் பாதியில் எழுப்பக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அங்கே சாப்பிடுவது யார்? எனக்கே குழம்பிவிட்டது. தூக்கிய கையோடு மரம் மாதிரி நின்றேன்.

பின்னாலேயே இரண்டு குட்டிகள் வந்தன. குட்டியில் பழகினால் ஆயுசுக்கும் விடாது. தட்டினேன். ஓங்கி ஓங்கித் தட்டினேன். மூன்றும் கடலுக்குள் பாய்ந்தன. பாதி மீன் மணலில் கிடந்தது.

"மனுஷியா நீங்க? எங்கப்பாவ சோத்துல இருந்து எழுப்பி விட்டுட்டீங்களே!" மகன் என்னை அடிக்கிற மாதிரி வந்தார்.

"நாளைக்கு அந்தக் குட்டி ரோட்டுல செத்துக் கெடந்தா நீங்களா தம்பி வந்து அள்ளுவீங்க?" நானும் கத்தினேன். சாக்கில் அள்ளிய கதையையும் சொல்லித் தீர்த்தேன்.

அந்த அம்மா மகனைக் கையமர்த்தினார். பாதி மீனை எடுத்து, மணலைத் தட்டி, இலைக்குள் வைத்து மடித்துக்கொண்டார்.

"அவரும் வண்டி பாத்து ரோடு தாண்ட மாட்டாரு லா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பாதியில எழுந்து போயிட்டாரே தங்கச்சி, வயிறு நெறஞ்சிருக்குமா?" என்று கேட்டார்.

 அவர்கள் போன பிறகும், தட்டிய என் உள்ளங்கை எரிந்துகொண்டிருந்தது.

அது நீர்நாய்தான். எனக்குத் தெரியும். மறுபடி வந்தாலும் கைதட்டுவேன். ஆனால் அன்று செய்தது சரியா, தப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இப்போதெல்லாம் வீட்டில் யார் மேல் எவ்வளவு கோபம் வந்தாலும், அவர் சாப்பிட்டுக் கை கழுவும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.