தனபாலன் தம்பி அளந்த ஆடுகள்

கடந்த வாரம் விடியற்காலையில் தொலைபேசி ஒலித்தது. என் கொழுந்தனார் தனபாலன் மாரடைப்பால் காலமானார் என்றார்கள். மனைவி மக்கள் இல்லாதவர். என் கணவருக்குப் பிறகு பதுளையில் எனக்கிருந்த ஒரே துணை அவர்தான்.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அவருக்கு ஆட்டு ஐயா என்று பெயர். கால்நடை உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் பெண்கள் வளர்க்கும் ஆடுகளைப் பார்க்க பஸ் ஏறிப் போவார். உயரமானவர், சத்தமாகச் சிரிப்பவர்.

சென்ற வருடம் அவருக்கு ஆர் என்ற கணினி மொழியைக் கற்கும் ஆசை வந்தது. கணினி என் வீட்டில் இருந்ததால் மாலையில் வருவார். எண்களைப் பிழையாக வாசித்தால் நான் பொறுக்கமாட்டேன் என்பதால், வாசிப்பது என் வேலை. தட்டுவது அவர் வேலை. பாடத்தில் இருந்த எண்களில் அவருக்கு மனம் செல்லவில்லை. பாக்கியம் என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஆடுகளையே அளந்து வந்தார். மார்புச் சுற்றளவுகள் ஒரு வரிசை, உடல் நீளங்கள் இன்னொரு வரிசை. இரண்டையும் வைத்து ஒரே கட்டளையில் எல்லா ஆடுகளின் நிறையும் வந்து விழும்.

“அண்ணி, ஒரே வரியில பட்டி முழுக்க நிறுத்தாச்சு! தராசுக்காரன் இனி பட்டினிதான்” என்று துள்ளினார்.

ஒரு சினையாட்டின் சுற்றளவு மட்டும் இல்லை. சினையாக இருக்கும்போது நாடா சுற்றினால் கண் பட்டுவிடும் என்று பாக்கியம் மறுத்திருந்தார். நான் அந்த இடத்தைத் தாண்டி வாசித்தேன். தம்பியும் தாண்டித் தட்டினார். திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது.

“தம்பி, இது என்ன?”

“எச்சரிக்கைதான் அண்ணி, பிழை இல்ல. விடை வந்திருச்சே.”

வந்தது. ஆனால் சினையாட்டிலிருந்து ஒவ்வோர் ஆட்டுக்கும் அடுத்த ஆட்டின் சுற்றளவு போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் இருந்த குட்டிக்கு அளவு மிஞ்சாததால், கணினி முதலில் இருந்த கிடாயின் சுற்றளவையே திரும்ப எடுத்துக் கொடுத்துவிட்டது. பயிற்சிக்குச் செய்த அந்தக் கணக்கை நம்பி, நிறைக்கேற்பக் குடற்பூச்சி மருந்தைப் போத்தல்களில் அளந்து, ஆடுகளின் பெயர்களை ஒட்டிப் பாக்கியத்துக்கு அனுப்பினார். அளவு மீறிய மருந்தால் குட்டி இறந்தது; குளிரால் என்றே பாக்கியம் நினைத்தார்.

பிழையைக் கண்டுபிடித்தவரும் அவரே. உடனே புறப்பட்டார், நானும் போனேன். லயத்து வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள்.

“குட்டி குளிர்ல சாகல பாக்கியம். என் கணக்குப் பிழையால செத்துச்சு.”

“ஏங்க ஐயா, அந்தக் கம்பியூட்டரு என்னைக்காச்சும் ஒரு ஆட்டக் கண்ணால பாத்திருக்கா?” என்றார் பாக்கியம்.

பெண்கள் சிரித்தார்கள். பாக்கியம் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“இந்த அம்மா யாரு?”

“நான்தான் வாசிச்சது” என்றேன். கொன்வென்டில் படித்த காலம் முதல் யார் முன்னும் குரல் தாழ்த்திப் பேசாதவள் நான். அன்று என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“ரெண்டு பேரும் இனி என் பட்டிப் பக்கம் வராதீங்க.”

வீட்டுக்கு வந்தும் எங்களால் முகம் பார்த்துப் பேச முடியவில்லை. மறுநாள் முதல் தம்பி அதே எண்களை வைத்துத் திரும்பத் திரும்பப் பழகினார். “இல்லாத எடத்துல இல்லைன்னே போடணும் அண்ணி. நாம தாண்டிப் போனா, அது வேற யார் அளவையாவது கொண்டாந்து வச்சிரும்” என்பார். பாக்கியம் ஒரு நாள் கூப்பிடுவார் என்று காத்திருந்தார். கூப்பிடாமலே காலம் முடிந்துவிட்டது.

சாவீட்டுக்குப் பாக்கியம் வந்தார்.

“ஐயா சொல்லலேன்னா குளிர்ல செத்துச்சுன்னே இருந்திருப்பேம்மா. வந்து சொன்ன மனுசனப் போய் வராதீங்கன்னுட்டேன்.”

வாய்க்கரிசி போடும் நேரம். குடும்பத்தில் மூத்தவள் என்பதால் முதலில் நின்றேன்.

“நானும் போடலாமாம்மா?”

என் கையிலிருந்த அரிசியை அவர் கையில் கொட்டிவிட்டு, வரிசையின் பின்னால் போய் நின்றேன்.

தம்பி, நிம்மதியாகப் போய் வாருங்கள். வெட்கம் எங்களோடு இருக்கட்டும்.