நாற்காலியைப் பிடித்த கை

போன மாதம், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சபையின் அசன விருந்து. முதல் கவளம் வாய்க்குப் போகுமுன்பே என் நாற்காலியின் முதுகை ஒரு கை பிடித்துவிட்டது. அடுத்த பந்திக்கு இடம் பிடிக்கிறாராம். திரும்பினால் மோதிரம் போட்ட விரல்கள், வேர்வை நாற்றம், என் இலை மேல் அவருடைய பெருமூச்சு. கல்யாண மண்டபத்தில் பொறுத்துத் தொலைக்கலாம். ஆண்டவர் பேரால் சபையே கூடி உண்ணும் இடத்தில் இதென்ன அநியாயம்?

நான் சிறுமியாக இருந்தபோது உபதேசியார் இதையெல்லாம் விடமாட்டார். சைக்கிளில் குரோம்பேட்டை வரை வீடு வீடாகப் போய் ஜெபித்த சபை ஊழியர் அவர். அசனத்தன்று கோயில் வளாகத்தில் பாய் விரித்து வரிசையாக உட்காருவோம். முடிவு ஜெபம் அவர்தான் செய்வார். அது ஆகாமல் ஒருவரும் எழக்கூடாது. பந்தியில் யார் ரொம்ப மெதுவாகச் சாப்பிடுவார் என்று பார்த்து, அவர் பக்கத்தில் போய் உட்காருவார். பல் போனவரோ, கை வராதவரோ, அவருக்கு ஈடாகத் தானும் நிதானமாகச் சாப்பிடுவார். கறிக்குழம்புச் சோற்றைப் பிசைந்து, எலும்பை உறிஞ்சி, ரசம் தாண்டி அவர் மோருக்கு வருவதற்குள் எங்களுக்குக் கால் மரத்துவிடும். யாராவது முணுமுணுத்தால், "ஆண்டவர் குடுத்தத ஏன்யா திருடித் தின்ன மாதிரி முழுங்குறீங்க?" என்பார். கடைசி இலையும் மடிந்த பிறகுதான் ஜெபத்துக்குக் கண்ணை மூடுவார்.

இப்போது மேசை, தாள் விரிப்பு, மைக். முடிவு ஜெபத்தையும் ஆரம்ப ஜெபத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். தின்னாத சோற்றுக்கு முன்கூட்டியே நன்றி! பிறகு பாதிக் கறியை இலையிலேயே தள்ளிவிட்டு பார்சல் வாங்க ஓடுகிறார்கள். சீ, என்ன பிழைப்பு.

போன மாத விருந்தில் என் பக்கத்தில் இருந்தவர் அந்த உபதேசியாரேதான். வாதம் வந்து வலது கை பாதிதான் எழும்புகிறது. இந்த ஒரு சாப்பாட்டுக்காக மகனை நச்சரித்து ஆட்டோவில் வந்திருந்தார். பந்தி மொத்தமும் எழுந்துவிட்டது. அவர் இன்னும் ரசத்துக்கே வரவில்லை. கமிட்டி செயலாளர் அந்தக் கோடியிலிருந்து இலை, எலும்பு, எச்சில் எல்லாவற்றோடும் தாளைச் சுருட்டிக்கொண்டே வந்தார். அந்த எச்சில் பொதி பெரியவர் இலையை முட்டி நின்றது. குழம்பு வழிந்து அவர் வேட்டியில் சொட்டியது.

"சீக்கிரம் ஐயா, ஜனங்க வெயிட் பண்றாங்க," என்றார் செயலாளர்.

உபதேசியார் மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்துவிட்டு, சோறிருந்த இலையை மடிக்கத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளின் மேல் முழங்கையை ஊன்றினேன்.

"அண்ணா, எங்க ரெண்டு பேருக்கும் இன்னும் ரசம் வரல. அப்புறம் மோரும் வேணும்."

செயலாளர் முறைத்தார். உபதேசியார் பாதி மடித்த இலையை இடது கையால் விரித்தார்.

ரசம் வந்தது. இருவரும் பிசையத் தொடங்கினோம். முதுகுக்குப் பின்னால் அந்த மோதிரக் கை நாற்காலியை ஒரு குலுக்குக் குலுக்கியது. குலுக்கட்டும். உபதேசியாரின் முடிவு ஜெபம் இன்னும் ஆகவில்லை.