செம்மஞ்சள் கேசரி

லிட்கம் கிடங்கின் சாப்பாட்டு அறையில் மூன்று கதிரைகள். நடுக் கதிரை என்னுடையது. நான் கேட்டு வாங்கியதல்ல. மற்ற இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

இருவரும் என்னைப்போல் இங்கே வந்து குடியேறியவர்கள்; வட அயர்லாந்தில் ஒரே ஊர்க்காரர். இடப்பக்கம் மேற்பார்வையாளர், வட அயர்லாந்து பிரிட்டனோடுதான் இருக்கவேண்டும் என்பவர். வலப்பக்கம் பாதுகாப்புப் பொறுப்பாளர். அது அயர்லாந்தோடு சேரவேண்டும் என்பவர். ஆறு மாதப் பரீட்சார்த்த காலம் முடிந்து என் வேலை நிரந்தரமாவதற்கு இருவரும் ஒரே தாளில் கையெழுத்து வைக்கவேண்டும். ஆகவே இடம் திரும்பி ஒரு “ஓம்”, வலம் திரும்பி ஒரு “ஓம்”. கழுத்துக்கு நல்ல பயிற்சி.

“உங்கட ஆக்களும் தனிநாடு கேட்டவைதானே? உனக்கு விளங்கும்” என்பார் வலப்பக்கம்.

“உங்கட ஊருக்கு ரயில் விட்டது ஆர்? பிரிட்டன்தானே!” என்பார் இடப்பக்கம்.

அவர்கள் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்ததோ யாழ்ப்பாணத் தமிழ். இதே வாக்குவாதத்தை எங்கள் கல்யாண வீடுகளில் கேட்டே வளர்ந்தவன் நான்.

கையெழுத்து நாளன்று, நல்ல காரியத்துக்கு இனிப்பு வேண்டுமே என்று நானே கேசரி கிண்டினேன். கலரை அள்ளிப் போட்டதில் பளீரென்ற செம்மஞ்சள். அன்று ஜூலை பன்னிரண்டு. பிரிட்டன் பக்கத்தாரின் நிறம் செம்மஞ்சள் என்பதும், அவர்கள் மேளம் அடித்து ஊர்வலம் போகும் நாளே அதுதான் என்பதும் இந்த மேதைக்குத் தெரியாது.

இடப்பக்கத்தவர் எழும்பி என் கையைக் குலுக்கினார். “எனக்குத் தெரியும், நீ எங்கட ஆள்!”

வலப்பக்கத்தவர் கேசரிப் பெட்டியை மூடினார். “அப்ப இவ்வளவு நாளும் நடிச்சனி, என்ன?”

“ஐயோ, இது சீனியும் நெய்யும்தான்!”

“சொல்லு, நீ எந்தப் பக்கம்?” ஆறு மாதத்தில் முதல் தடவையாக இருவரும் ஒன்றாகப் பேசினார்கள். தாள் மேசையில் கிடந்தது. எழும்பவும் வழியில்லை; இரண்டு பக்கமும் கால்கள்.

இடப்பக்கத்தவர் கொக்கி போட்டார். “சரி, கிரிக்கெட்டில இலங்கை விளையாடினா நீ ஆருக்குக் கை தட்டுவாய்?”

“ஓம்” என்று தப்பக்கூடிய கேள்வியல்ல அது. வீட்டில் அந்த ஆட்டத்தைச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, குசினி வாசலில் நின்று பார்ப்பவன் நான். சிக்ஸர் அடித்தால் கை தானாக எழும்பும். பிறகு அதே கையால் தலையைச் சொறிவேன்.

இப்போதும் தலையைத்தான் சொறிந்தேன். அதைப் பார்த்த வலப்பக்கத்தவர் என் தலைக்கு மேலால் மற்றவரைக் கேட்டார்: “நீயும் அயர்லாந்து ரக்பி பாக்கிறனிதானே?”

“கதவைப் பூட்டிப்போட்டு” என்றார் மற்றவர். “நீ மட்டும் என்ன? இங்கிலாந்துக் கழகத்தின்ர ஃபுட்போல் ஆட்டம் ஒண்டு விடமாட்டாய்!”

வலப்பக்கத்தவர் பேனாவை எடுத்தார். இருவரும் கையெழுத்து வைத்தார்கள். பிறகு வலப்பக்கத்தவர் பெட்டியைத் திறந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு கரண்டி கேசரி தின்றார்.

நிரந்தரமாகிவிட்டது: வேலையும், நடுக் கதிரையும்.