கம்பத்தடியில் யோஸ்ட் ஹெல்மர்

யோஸ்ட் ஹெல்மருக்கு வண்டிச் சக்கரம் செய்வது பிழைப்பு. கம்பம் நடுவதுதான் பெருமை. தேர்தல் வந்துவிட்டால் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஊர் நாற்சந்தியில் ஹிக்கரி மரக் கம்பம் நட்டுக் கொடி ஏற்றியாக வேண்டும். அமெரிக்காவின் மோஹாக் ஆற்றங்கரையில் இதை விட்டுக்கொடுத்த ஊர் கிடையாது. தொண்ணூறு அடிக் கம்பத்தை நாற்பது பேர் கவைக்கோலால் தூக்கி நிறுத்தும்போது, அடிமரம் குழிக்குள் சரியாக இறங்கும்படி கடப்பாரையால் திருப்பிவிட ஒருவன் கீழேயே நிற்கவேண்டும். சாய்ந்தால் முதலில் அவன் மண்டைதான். இருபது வருஷத்தில் பத்துக் கம்பம். பத்துக்கும் அடியில் நின்றவன் யோஸ்ட். ஒன்றுகூடச் சாய்ந்ததில்லை. அதைச் சொல்லி அவன் அடித்துக்கொள்ளும் தம்பட்டம் இருக்கிறதே, அப்பப்பா!

கம்பம் ஆடாமல் பக்கக் கயிற்றை இழுத்துப் பிடிப்பவன் ஆடம் பெல்லிங்கர், யோஸ்ட்டின் மனைவி டொரோதியாவின் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு குடும்பத்துக்கும் ஆடம் வீட்டில்தான் பன்றிக்கறியும் புளிக்கவைத்த முட்டைக்கோசும்.

1848இல் கட்சி இரண்டாக உடைந்தது. மெக்சிகோவிடம் பிடித்த நிலத்தில் அடிமை முறையை விடக்கூடாது என்றவர்கள் வெளியேறித் தனி வேட்பாளரை நிறுத்தினார்கள். எலியை விரட்டக் கொட்டகைக்கே தீ வைக்கிற கூட்டம் என்று மற்றவர்கள் அவர்களுக்குக் 'கொட்டகைக் கொளுத்திகள்' என்று பட்டம் கட்டினார்கள். கட்சியிலேயே தங்கியவர்களுக்குக் கொளுத்திகள் வைத்த பெயர் 'பதவிப் பசிக்காரர்கள்'. ஆடம் கொளுத்தி ஆனான். யோஸ்ட் இருந்த இடத்திலேயே இருந்தான். ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, சாப்பாட்டு மேசையிலேயே முட்டிக்கொண்டது.

"மனுஷன மனுஷன் விலைக்கு வாங்குறது தப்புன்னு உனக்குத் தெரியாதா மாப்பிள்ள?"

"தெரியும் மச்சான். அதுக்காகக் கட்சியை உடைக்கணுமா?"

"தெரிஞ்சும் அங்கயே உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?"

யோஸ்ட் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தான். அதோடு பேச்சு வார்த்தை நின்றது. டொரோதியா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளுக்குள் யோஸ்ட்டுக்குத் தவிப்புதான். மச்சான் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நடுப்பகலில் பசிக்காரர்கள் கம்பம் நட்டார்கள். வந்து சேர்ந்தது இருபத்தாறு பேர். கயிறு பிடிக்க ஆளில்லை.

"கயிறு இழுக்கிறதென்ன பெரிய வித்தையா? கொண்டா இப்படி!" என்று கட்சித் தலைவர் கஸ்பர் ஸ்டேரிங்கே தொந்தியைத் தூக்கிக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டார்.

சாலைக்கு அந்தப் பக்கம் கொளுத்திகள் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். கைகட்டிக்கொண்டு ஆடமும் நின்றான். எதிர்க்கட்சியான விக் கட்சிக்காரர்களோ விடுதி வாசலில் ஆப்பிள் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்னப்பா, பசியில கையெல்லாம் நடுங்குது?" என்று ஒரு கொளுத்தி குரல் விட்டான்.

கம்பம் பாதி எழும்பியது. ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. கம்பம் இடப்பக்கம் சாயத் தொடங்கியது. யோஸ்ட் அண்ணாந்து பார்த்தான். இருபது வருஷப் பழக்கம், வாய் தானாகக் கத்தியது: "இழு, ஆடம்!"

தலைவர் கயிற்றைப் பிடித்தபடியே திரும்பி, பின்னால் யாராவது ஆடம் நிற்கிறானா என்று பார்த்தார். இருபத்தாறு பேரும் பார்த்தார்கள். கயிறு தொய்ந்தது.

அடுத்த மூச்சில் சாலையைத் தாண்டி ஓடி வந்தான் ஆடம். தலைவரைத் தள்ளிவிட்டுக் கயிற்றை இடுப்பில் சுற்றிப் பின்பக்கமாகச் சாய்ந்தான். கம்பம் நின்றது. யோஸ்ட் கடப்பாரையைத் திருப்ப, அடிமரம் தொம்மென்று குழிக்குள் இறங்கியது.

யோஸ்ட் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். கட்சியை நம்பித்தான் கம்பத்தடியில் நிற்கிறோம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தான், மடையன். நம்பியது மச்சானை மட்டும்தான்.

"கை கிழிஞ்சிருச்சே மச்சான்" என்றான்.

"கொட்டகையையே கொளுத்துறவனுக்கு இதெல்லாம் ஒரு காயமா மாப்பிள்ள? எந்திரி."

மூன்று கட்சியும் சேர்ந்து சிரித்தது. டொரோதியா மட்டும் இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அண்ணன் கைக்குக் கட்டுப் போட்டாள்.

நவம்பரில் விக் கட்சி ஜெயித்து, மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்தே தோற்றார்கள். அது கிடக்கட்டும். அதற்கு முந்தி, அடுத்த சனிக்கிழமையே கொளுத்திகளின் கம்பம் நடும் நாள் வந்தது. கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிய யோஸ்ட்டைத் தலைவர் ஸ்டேரிங் வழியிலேயே மறித்தார்.

"அவனுங்க கம்பத்தடியில போய் நின்னேன்னா கட்சி உன்னைக் கைவிட்டுடும், பாத்துக்கோ!"

"அன்னிக்குக் கம்பம் சாஞ்சப்போ கயிறு கட்சி கையிலதானே இருந்துச்சு தலைவரே" என்றான் யோஸ்ட். "வழிய விடுங்க, மச்சான் காத்துக்கிட்டிருப்பான்."