ஒரு நிமிடம் யாரும் பேசாதீர்கள்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். ஏனென்றால் என் பிழைப்பே பேய் தயாரிப்பது. பேய்க் கதை பாட்காஸ்ட் ஒன்றுக்கு ஒலி சேர்க்கிறேன். நீங்கள் போர்வைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடுங்குகிறீர்களே, அந்தக் கதவுச் சத்தம் எங்கள் வீட்டு பீரோ. மோகினியின் கொலுசு என் நாத்தனாருடையது. எலும்பு முறிகிற சத்தம் முருங்கைக்காய், வேலை முடிந்ததும் அதைச் சாம்பாரில் போட்டுவிடுவேன். இப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

போன காப்பி சீசனில் நடந்தது. சேர்வராயன் மலைப் பக்கம் பனியில் ஆளை அழைத்துக்கொண்டு போகும் ஏதோ ஒன்றைப் பற்றி ஒரு கதை வந்திருந்தது. எழுதியவருக்கு மலைச் சத்தம் அசலாகவே வேண்டுமாம். இதோ இருக்கிறது ஏற்காடு, போய் எடுத்து வந்துவிடலாம் என்று என் வீட்டுக்காரரைக் கிளப்பினேன். செந்திலுக்குப் பேங்கில் வேலை. பேயைவிட ஆடிட்டுக்குத்தான் பயப்படுவார். எனக்காக லீவு போட்டு, சேலத்திலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்தார்.

செம்மநத்தம் போகிற வழியில் தெரிந்தவர் ஒருவரின் எஸ்டேட். பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களை வேலை வாங்குகிற மேஸ்திரி செசிலி அக்காவும் கூடவே நின்று பறித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சருகின் மேல் ஆள் நடக்கிற சத்தம் தனியாக வேண்டியிருந்தது. செந்தில் சட்டையில் சின்ன மைக்கைக் குத்தி, ரெக்கார்டரைப் பாக்கெட்டில் போட்டு, காப்பிச் செடிகளுக்கு நடுவே கீழ்ப்பக்கமாக நடந்துவிட்டு வரச் சொன்னேன்.

"சம்பளம் உண்டா?" என்றார்.

"ராத்திரிக்குச் சோறு உண்டு. போங்க."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் பனி இறங்கியது. பட்டப்பகல்தான், ஆனால் கண்ணுக்கு முன்னால் இருந்த சவுக்கு மரத்தைக் காணோம். பெண்கள் உடனே குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி "ஓய்" என்பாள், இன்னொருத்தி எங்கிருந்தோ "ஓ" என்பாள், பறிக்கிற கை மட்டும் நிற்கவே நிற்காது. எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் தொழிலில் எங்கே ஒலிப்பதிவு செய்தாலும் அந்த இடத்தின் வெறும் அமைதியை ஒரு நிமிடமாவது எடுத்தாக வேண்டும், பின்னால் பேச்சுக்கு அடியில் போடுவதற்கு.

"அக்கா, ஒரே ஒரு நிமிஷம் யாரும் பேசாம இருங்களேன்."

செசிலி அக்கா தலையை ஆட்டினார். "பனி எறங்குனா வாய மூடக்கூடாதுங்க கண்ணு. சத்தம் குடுத்துக்கிட்டே இருக்கோணும்."

"அதுக்குள்ள யாரு காணாம போயிடப் போறாங்க?"

"உங்க ஊட்டுக்காரரு கீழ இருக்காருங்களே."

"அவரு என்ன சின்னக் குழந்தையா?"

அக்காவுக்கு மனசே இல்லை. ஆனாலும் கையைத் தூக்கினார், எல்லோரும் அடங்கினார்கள். நான் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இலையில் நீர் சொட்டுகிற சத்தம், தூரத்தில் ஒரு குருவி. பிறகு அதுவும் நின்றுபோயிற்று. ஒயர்தான் கழன்றுவிட்டது என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

முடிந்ததும், "ஏங்க, மேல வாங்க!" என்று கத்தினேன். பதில் இல்லை. விளையாடுகிறார் என்று முதலில் கோபம்தான் வந்தது. போன் அடித்தால் டவர் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அன்றைக்கு "செந்தில்! செந்தில்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பெண்களும் சேர்ந்து கூவினார்கள்.

"கீழ பெரிய பள்ளமுங்க, வேலி கெடையாது," என்றார் செசிலி அக்கா. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கூவிக்கொண்டே இறங்கினோம். எத்தனை நேரம் தேடினோமோ, அரை மணிக்குக் குறையாது. கர்த்தரே என்று ஒரு பக்கம், முருகா என்று ஒரு பக்கம், நான் எல்லோரையும் கூப்பிட்டேன்.

பள்ளத்து விளிம்பில் ஒரு பாறை. அதன் மேல் அவர் நின்றுகொண்டிருந்தார். ஷூவின் முன்பாதி வெளியே, காற்றில். பள்ளத்தைப் பார்த்தபடி, பேங்கில் கவுண்டருக்கு எதிரே நிற்பவர் சொல்வதைக் கேட்பதுபோல் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். செசிலி அக்கா என் வாயைப் பொத்தினார். பூனை மாதிரி போய் அவருடைய பெல்ட்டைப் பிடித்து ஒரே இழுப்பு. இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள்.

"என்னாச்சு வித்யா? இப்பத்தானே வந்தேன்?" என்றார் என்னிடம். நான் அவர் நெஞ்சிலேயே குத்திக் குத்தி அழுதேன்.

அக்கா மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஏனுங்க சார், இங்க யாருகிட்டயாச்சும் பேசுனீங்களா?"

"இங்க யாரு இருக்கா பேசறதுக்கு?"

அக்கா என்னைத் தனியாக இழுத்து, "வெரசா எறங்குங்க கண்ணு. இனி சார இந்தப் பக்கம் கூட்டியாராதீங்க," என்றார். ரொம்பப் பயந்திருந்தார்.

மறுநாள் அவர் பேங்குக்குப் போன பிறகு அந்த ரெக்கார்டரைக் கேட்டேன். சருகுச் சத்தம் அருமையாக வந்திருந்தது. பிறகு காலடி நிற்கிறது. செந்தில் பேசுகிறார்.

"வணக்கங்க." இடைவெளி. "ஆமாங்க, சேலந்தான்." இடைவெளி. சிரிக்கிறார். "இல்லைங்க, நாங்க ரெண்டு பேருதான்." மறுபடி இடைவெளி. "மேல இருக்கா, வேலையா. பேருங்களா? வித்யா."

அந்த இடைவெளிகளைத்தான் சொல்ல வேண்டும். எந்த இடத்துக்கும் ஒரு சத்தம் உண்டு, மூடிய அறைக்குக்கூட உண்டு. அந்த இடைவெளிகளில் எதுவுமே இல்லை. சட்டையில் குத்திய மைக்கில் அவருடைய மூச்சுகூட இல்லை. அத்தனை பெண்கள் தொண்டை கிழியக் கூவினோமே, அதில் ஒரு குரல்கூட ரெக்கார்டரில் இல்லை. கடைசியாக அவர் ரொம்ப மரியாதையாகச் சொல்கிறார்: "சரிங்க. அடுத்த தடவ அவளையும் கூட்டிட்டு வர்றேன்."

அந்தக் கதைக்கு வேலை செய்ய மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். செந்திலிடம் ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டவும் எனக்குத் தைரியம் இல்லை. அவர் நன்றாகத்தான் இருக்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார், ஆடிட்டுக்குப் பயப்படுகிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், "ஏற்காடு போலாமா வித்யா?" என்று ஆரம்பித்துவிடுகிறார். எதற்கு என்று கேட்டால் சும்மாதான் என்கிறார். நான் கார் சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

நேற்று அவர் சாவியைத் தேடவே இல்லை. சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டே, "பஸ்லயே போயிக்கலாம், கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியாச்சுல்ல," என்றார்.